வாலன்டினாவுக்கு வயதாகிறது

கேள்வி: சென்ற இதழில் இத்தாலியின் காமிக்ஸ் ஓவியர் குயிதோ கிரேபக்ஸைப் பெரிய கலைஞர் என்று எழுதியிருந்தீர்கள். நிர்வாணப் படம் போட்டுப் பெயர் வாங்கியவருக்கு இத்தனை பாராட்டு தேவையா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தேவைதான் ஐயா. அவர் வரைந்த ஒரு பக்கத்தையாவது முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மிலானில் 1933-இல் பிறந்தவர். அப்பா அங்கே லா ஸ்காலா என்ற இசைநாடக அரங்கில் செல்லோ என்ற தந்தி வாத்தியம் வாசித்தவர். இவர் படித்தது கட்டடக்கலை. பிழைப்புக்கு வரைந்தது இசைத்தட்டு உறைகளும் விளம்பரங்களும். 1965-இல் 'லீனுஸ்' என்ற காமிக்ஸ் பத்திரிகை தொடங்கியபோது, பார்வையாலேயே ஆளை அசையவிடாமல் நிறுத்தும் நியூட்ரான் என்ற நாயகனை அதில் கொண்டுவந்தார். அவனுடைய காதலியாக வந்த புகைப்படக்காரிதான் வாலன்டினா. கொஞ்ச காலத்திலேயே கதை அவளுடையதாகிவிட்டது, நாயகன் ஓரமாகப் போய்விட்டான்.

சாதாரண காமிக்ஸில் ஒருத்தி கதவைத் திறந்து உள்ளே வர ஒரு கட்டம் போதும். கிரேபக்ஸ் அதைப் பத்துப் பன்னிரண்டு துண்டாக நறுக்குவார். கைப்பிடியில் ஒரு விரல், விரிந்த கண், உதட்டோரம், செருப்பின் குதிகால். சில கட்டங்கள் தீப்பெட்டியைவிடச் சிறியவை. கறுப்பு மையும் தாளின் வெள்ளையும்தான் முக்கால்வாசி. எதை முதலில் பார்ப்பது என்று கண் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் கதையின் நேரமே மெதுவாகிவிடும். சினிமாவில் எடிட்டர் செய்கிற வேலையை இவர் ஒரே தாளில் செய்தார்.

அப்புறம் இன்னொன்று. வாலன்டினாவுக்கு மௌனப்பட நடிகை லூயிஸ் புரூக்ஸின் குட்டை முடியை வைத்தவர், பிறந்த நாளும் வைத்தார்: 1942 டிசம்பர் 25. காமிக்ஸ் நாயகிகளுக்கு வயது ஏறாது. இவளுக்கு ஏறியது. மகன் பிறந்தான், முகம் மாறியது, 1995-இல் கடைசிக் கதை வரும்போது ஐம்பதைத் தாண்டியிருந்தாள். வெறும் கிளுகிளுப்புக்காக வரைகிறவன் தன் நாயகியை முதுமைக்குக் கூட்டிப்போவானா, சொல்லுங்கள்?

பிரெஞ்சுக் காம நாவல்களை அவர் காமிக்ஸாக்கிய 1970-களின் புத்தகங்கள் எனக்கும் ஆகாது. பெண்ணை வதைப்பதை அலங்காரமாக்குகின்றன அவை. வாலன்டினாவின் கனவுகளிலும் அந்த வாடை உண்டு. உங்கள் கோபம் அதன்மேல் என்றால், சரி, நானும் உங்கள் பக்கம். ஆனால் அதற்காக முப்பது வருட வேலையையும் 'ஆபாசம்' என்ற ஒரே சொல்லில் கட்டித் தூக்கி எறியச் சொன்னால் மாட்டேன்.