ஃபோக்ஸ்வாகன் எஞ்சினுக்குப் பழைய அலுமினிய புரொப்பெல்லர் வேண்டாம்

நண்பரே, வீட்டிலேயே கட்டும் சிறு விமானமான உங்கள் கேஆர்-2-இன் 1835 சிசி ஃபோக்ஸ்வாகன் எஞ்சினுக்கு, செஸ்னா சிறு விமானத்தில் கழற்றிய அலுமினிய புரொப்பெல்லரை வெட்டிக் குறைத்துப் பொருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்களுடையது கார் எஞ்சின். அவ்வளவு கனத்தை, புரொப்பெல்லரைச் சுழற்றும் அதன் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் தாங்காது. நுனியை வெட்டினால் பிளேடின் அதிர்வுத் தன்மையே மாறிவிடும். திரும்பத் திரும்ப அதிர்வதால் வரும் உலோகச் சோர்வு விரிசல் சத்தமில்லாமல் வளரும். பறக்கும்போது ஒரு நுனி முறிந்தால், குலைந்த சமநிலை எஞ்சினையே பிய்த்தெறியக்கூடும்.

புதிய மரப் புரொப்பெல்லர் வாங்குங்கள். எடை குறைவு, அதிர்வையும் உள்வாங்கும். 52 அங்குல விட்டத்தில், நிமிடத்துக்கு 3400 சுற்றில் நுனி வேகம் நொடிக்குச் சுமார் 235 மீட்டர்தான், ஒலிவேகத்தை நெருங்காது. பிட்ச் (பிளேடின் சாய்வு) விஷயத்தைச் செய்து தருபவரிடமே விட்டுவிடலாம். போல்ட் இறுக்கத்தை மட்டும் முதல் பறப்புக்குப் பின்னும் பருவம் மாறும்போதும் இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும்.