சர்க்கஸ் விலங்குகள் படும் பாட்டைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

உங்கள் பிள்ளைக்கு ஏழெட்டு வயது இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் சங்கிலியும் சாட்டையுமாக வரும் வீடியோக்களைக் காட்டாதீர்கள். பயந்து அழும், அவ்வளவுதான். காட்டில் அந்த விலங்கு எப்படி வாழ்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். மிச்சத்தைப் பிள்ளையே கேட்கும்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒரு தடவை பாளையங்கோட்டையில் சர்க்கஸ் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம். "எங்க தாத்தா காலத்துல புலி நெருப்பு வளையத்துல தாவுமாம். இப்ப ஏன் டீச்சர் இல்ல?" என்றான் ஒருவன். புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு இந்த ஐந்தையும் பழக்கி வித்தை காட்டக் கூடாதென்று 1998-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது, 2001-ல் உச்ச நீதிமன்றமும் அது சரிதான் என்றது என்றேன். அது அவர்கள் காதில் ஏறவே இல்லை.

ஜன்னல் வழியாக மேற்கே கையைக் காட்டினேன். அங்கே தெரிவது களக்காடு முண்டந்துறை மலை. 1988-ல் அமைந்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். புலி தனியாகத் திரியும், தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புலியை விடாது, நெருப்பைக் கண்டால் ஒதுங்கும் என்று சொன்னேன். யானைக் கூட்டத்தை மூத்த பெண் யானைதான் நடத்தும், கோடையில் தண்ணீர் எங்கே கிடக்கும் என்று அந்த ஆச்சிக்குத்தான் தெரியும் என்றேன். உடனே ஒரு சிறுமி, "அப்போ சர்க்கஸ் யானையோட ஆச்சிய எங்க விட்டுட்டு வந்தாவ?" என்றாள். அதற்கப்புறம்தான் அங்குசத்தைப் பற்றியே பேசினேன். முக்காலியில் ஏறி உட்கார எந்த யானையும் ஆசைப்படாது, குத்து விழும் என்ற பயத்தில்தான் உட்காரும் என்பது அவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது.

சர்க்கஸ்காரர்கள் வயிற்றில் அடிக்கிறாயா என்று யாராவது வருவீர்கள். இல்லை. பார் விளையாடுகிறவரும் கம்பியில் நடக்கிறவரும் உழைத்துக் கற்ற கலைஞர்கள். அவர்களுக்கு நன்றாகக் கைதட்டுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன். கோயில் யானையைப் பற்றிப் பேசத் தைரியம் உண்டா என்றும் கேட்பீர்கள். 2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி இறந்தபோது என் வகுப்பில் அழாத பிள்ளை இல்லை. நானும் அவளிடம் ஆசீர்வாதம் வாங்கியவள்தான். ஆனாலும் கூட்டத்தோடு திரிய வேண்டிய உயிர் கல்தரையில் ஒற்றையாக நின்றதையும் அன்றைக்குப் பேசினோம்.

    

 லீவில் பாபநாசம் பக்கம் வந்தால் பிள்ளையை முண்டந்துறை வழியாகக் காரையாறு வரை கூட்டிப் போங்கள். புலி கண்ணில் படாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குரங்கு கட்டாயம் வரும். அதற்குச் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டாமல் சும்மா பார்க்கப் பழக்குங்கள்.