காந்த நானோ துணிக்கையும் வைரசின் பிடியும்: மலையக வாசகர் கேள்வி-பதில்

சயாலிக் அமிலம் (இன்புளுவென்சா வைரசு பற்றும் கலச் சர்க்கரை) பிணைத்த இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கையில் இன்புளுவென்சாவின் ஹீமக்ளூட்டினின் புரதத்தை (வைரசு அந்தச் சர்க்கரையைப் பற்றும் முள்) சேர்த்தால் டி2 கூடுகிறது. முழு வைரசைச் சேர்த்தால் குறைகிறது. எது சரி? (பேராதனை, முதுமாணி மாணவர்)

இரண்டுமே சரியாக இருக்கலாம். டி2 என்பது காந்த ஒத்ததிர்வுக் கருவியில் நீரின் புரோத்தன்களிலிருந்து வரும் சமிக்ஞை தேய எடுக்கும் நேரத்தைக் காட்டுவது. தனிப் புரதம் துணிக்கையின் மேல் படிந்து, நீரை இரும்புக் கருவிலிருந்து தள்ளி வைக்கிறது, டி2 ஏறுகிறது. ஏறத்தாழ 100 நனோமீற்றர் அளவுள்ள முழு வைரசின் மேற்பரப்பிலோ நூற்றுக்கணக்கான முட்கள். அது பல துணிக்கைகளைப் பிடித்துக் கொத்தாக்குகிறது, டி2 இறங்குகிறது. 2003இல் ஹெர்ப்பஸ், அடினோ வைரசுகளைக் காந்தத் துணிக்கையால் கண்டறிந்ததும் இந்தக் கொத்தாதலை வைத்துத்தான்.

குழப்பம் வருவது செறிவில். வைரசு அளவுக்கு மிஞ்சினால் ஒவ்வொரு துணிக்கையும் ஒவ்வொரு வைரசோடு தனித்துப் போய்விடும். கொத்து உருவாகாது, பிணைப்பே இல்லை என்பது போல வாசிப்பு வரும். கொத்து மிகப் பெரிதானால் அடியில் படிந்து டி2 மறுபடி ஏறும். ஆகவே ஒரே செறிவில் அளந்து முடிவு சொல்லாதீர்கள். பத்து மடங்காகக் குறைத்துக்கொண்டே போய் ஐந்தாறு புள்ளிகளாவது எடுங்கள். துணிக்கையின் ஆர்2 மதிப்பு (ஒரு மில்லிமூலர் இரும்பு, சமிக்ஞை தேயும் வேகத்தைச் செக்கனுக்கு எவ்வளவு கூட்டுகிறது என்பது) 100 என்றால் 0.1 மில்லிமூலர் இரும்பில் டி2 ஏறத்தாழ 100 மில்லிசெக்கன். தொடங்க நல்ல இடம். குழாயைக் கருவியின் 37 பாகைத் தாங்கியில் 10 நிமிடம் விட்டு, மெதுவாகக் கவிழ்த்துக் கலந்த பின்பே வாசியுங்கள்.

மூன்று ஒப்பீடுகள் கட்டாயம்: சர்க்கரை இல்லாத துணிக்கை, மிகையான தனிச் சயாலில்லக்டோஸ் (துணிக்கையில் ஒட்டாத, சயாலிக் அமிலமுள்ள சர்க்கரை) சேர்த்த குழாய், மற்ற வகைச் சர்க்கரை. சயாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையோடு இணையும் விதத்தில், மனித இன்புளுவென்சா ஆல்பா 2,6 பிணைப்பையும் பறவை இன்புளுவென்சா ஆல்பா 2,3 பிணைப்பையும் பெரிதும் நாடும். இரண்டிலும் ஒரே மாற்றம் வந்தால், வைரசு சர்க்கரையை வேறுபடுத்திப் பிடிக்கிறது என்று சொல்ல முடியாது. இவை இல்லாத டி2 எண்ணைப் பிணைப்பு என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஈடிசி, என்எச்எஸ் (காபொக்சில் கூட்டத்தை அமைன் கூட்டத்தோடு இணைக்க உதவும் இரசாயனங்கள்) கொண்டு துணிக்கையின் காபொக்சில் கூட்டத்தில் சர்க்கரையைப் பிணைக்கிறோம். சில தடவை ஒட்டுவதில்லை, சில தடவை துணிக்கை திரண்டுவிடுகிறது. (நுவரெலியா, ஆய்வுகூட உதவியாளர்)

முதலில் ஈடிசி போத்தலைச் சந்தேகியுங்கள். மைனஸ் 20 பாகையிலிருந்து எடுத்தவுடன் திறந்தால் உங்கள் ஊரின் ஈரக்காற்று தூளில் நீராகப் படியும். ஈடிசி நீரில் சிதையும். மூடியபடியே அறை வெப்பநிலைக்கு வரவிட்டுத் திறவுங்கள். சிறு குப்பிகளாகப் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு வைப்பது இன்னும் நல்லது. செய்முறைகளில் 'அறை வெப்பநிலை' என்றால் 20 முதல் 25 பாகை. உங்கள் அறை 16 பாகை என்றால் நீர்த்தொட்டியை 25இல் வையுங்கள்.

தாங்கற் கரைசல் 0.1 மூலர் எம்ஈஎஸ், பிஎச் 6. டிரிஸ், கிளைசின் கூடாது. அவற்றின் அமைன் கூட்டம் சர்க்கரைக்கு முந்திப் பிணைந்துவிடும். ஒரு மில்லிலீற்றருக்கு ஈடிசி 0.4 மில்லிகிராம், என்எச்எஸ் 0.6 மில்லிகிராம், 15 நிமிடம். கூடுதலாகப் போட்டால் மேற்பரப்பின் எதிரேற்றம் குறைந்து துணிக்கைகள் திரளும்.

அடுத்த படியில்தான் பலர் தவறுகிறார்கள். சயாலிக் அமிலத்திலும் காபொக்சில் கூட்டம் உண்டு. வைரசு பற்றும் முக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. மிச்ச ஈடிசியை நீக்காமல் சர்க்கரையைச் சேர்த்தால் அந்தக் கூட்டமே பிணைந்து கெட்டுவிடும். எனவே அமைன் முனையுள்ள சர்க்கரையை வாங்கி, ஈடிசியை உப்பு நீக்கும் நிரலில் விரைவாகக் கழித்த பின் சேருங்கள். இரவு முழுக்கக் கூழ்பிரிப்பு வேண்டாம். துணிக்கையில் உருவான, அமைனோடு பிணையக் காத்திருக்கும் என்எச்எஸ் எஸ்டரின் அரை ஆயுள் பிஎச் 7, 0 பாகையில் 4 முதல் 5 மணி நேரம், பிஎச் 8.6, 4 பாகையில் வெறும் 10 நிமிடம்.

வாசிப்பு முதலில் இறங்கி, பிறகு தானாகவே ஏறுகிறது. (கண்டி)

படிவு இல்லையென்றால், வைரசின் நியூராமினிடேஸ் நொதியம் உங்கள் சர்க்கரையை வெட்டுகிறது. அந்த நொதியத்தைத் தடுக்கும் சனாமிவிர் மருந்தை 10 மைக்ரோமூலர் சேருங்கள், வெற்று ஒப்பீட்டுக் குழாயிலும்.

வைரசு இல்லாமல் பாடசாலையில் இதைச் செய்து காட்ட முடியுமா? (ஹட்டன், உயர்தர மாணவி)

முடியும், அழகாகவே. வைரசுப் புரதத்துக்குப் பதில் கான்கனவலின் ஏ பூசிய காந்த மணிகள், விருந்துவழங்கிக் கலத்துக்குப் பதில் பாண் மதுவம். இந்தப் புரதம் மதுவத்தின் கலச்சுவரிலுள்ள மனோஸ் சர்க்கரையைப் பற்றும். 0.1 கிராம் உலர் மதுவத்தை 100 மில்லிலீற்றர் நீரில் கலக்கி, டிரிஸ் கரைசலில் பத்து மடங்கு ஐதாக்குங்கள். அதில் கல்சியம் குளோரைட்டும் மங்கனீசு குளோரைட்டும் 1 மில்லிமூலர் வீதம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புரதம் சர்க்கரையைப் பற்றாது. பொசுபேற்றுக் கரைசல் கல்சியத்தை வீழ்படிவாக்கும், தவிருங்கள். அரை மில்லிலீற்றருக்கு 20 மைக்ரோலீற்றர் மணிகள், 10 நிமிடம் மெதுவாக உருட்டி, 2 நிமிடம் காந்தத்தின் அருகில். மேல் நீரில் மிஞ்சிய கலங்களை நுணுக்குக்காட்டியில் எண்ணுங்கள். இன்னொரு குழாயில், புரதத்தின் பற்றும் இடத்துக்குப் போட்டியிடும் மனோஸ் வகைச் சர்க்கரையான மீதைல் மனோசைட்டு 200 மில்லிமூலர் சேர்த்தால் மதுவம் பெரும்பாலும் நீரிலேயே நிற்கும். உங்கள் செயற்றிட்டத்தின் உயிர் அந்தக் குழாய்தான்.

டெங்குவுக்கும் இதே சர்க்கரை போதுமா? (பதுளை)

போதாது. டெங்குவின் ஈ புரதம் (வைரசின் வெளியுறைப் புரதம்) கலத்தின் ஹெபரான் சல்பேற்று என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பற்றுவது. அந்தச் சங்கிலி வலுவான எதிரேற்றம் கொண்டதால், நேரேற்றமுள்ள பல புரதங்கள் சும்மாவே வந்து ஒட்டும். உப்பை 150 மில்லிமூலரிலிருந்து 500 வரை படிப்படியாகக் கூட்டி, எந்தச் செறிவில் பிணைப்பு விடுகிறது என்று பார்த்து, சாதாரணக் காரப் புரதம் ஒன்றோடு ஒப்பிடுங்கள். உயிருள்ள வைரசு வேண்டாம். தூய்மையாக்கிய ஈ புரதம் போதும்.