குவாதலூப் பயணத்துக்காகச் சீட்டைக் கழிவுக்கு எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் பாரிஸ் பக்கம் லா கூர்நெவ்வில் இருக்கிறோம். கணவர் உணவகத்தில் சமையல் வேலை, நான் ஒரு ஹோட்டலில் வேலை. பிள்ளைகளுக்கு வயது 13, 9. யாழ்ப்பாணத்துக்கும் சொந்தக்காரர் கல்யாணங்களுக்கும் போனதைத் தவிர நாங்கள் வக்கான்ஸ் என்று எங்கும் போனதில்லை. வரும் பிப்ரவரியில் பத்து நாள் கரீபியன் தீவான குவாதலூப் போக ஆசை. பிள்ளைகளுக்கு நீந்தவும் மலையேறவும் வேண்டும். கணவருக்குச் சும்மா கடற்கரையில் இருந்தாலே போதும். ஏஜென்சி டிக்கெட், ஹோட்டல், காலை இரவுச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 6,200 யூரோ கேட்கிறது. லிவ்ரே ஆ சேமிப்புக் கணக்கில் 4,000 இருக்கிறது. மாதம் 500 வீதம் 20 பேர் கட்டும் சீட்டில் பத்து மாதம் கட்டிவிட்டேன். இப்போது 900 கழிவு விட்டு எடுத்தால் 9,100 கிடைக்கும். எடுக்கலாமா? ஏஜென்சியில் பத்துத் தவணையாகக் கட்டலாமா? டிசம்பரில் ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வரும் மாமியையும் கூட்டிப் போகலாமா? இதெல்லாம் வீண் செலவு என்று அக்கா சொல்கிறார்.

பதில்: சகோதரி, முதலில் அக்கா சொன்னதைப் பார்ப்போம். வருடம் முழுக்க அடுப்படியில் நிற்கும் மனிதர் பிள்ளைகளோடு பத்து நாள் கடலில் இறங்குவதை நான் வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் சீட்டில் கை வைக்க வேண்டாம், பிப்ரவரியிலும் வேண்டாம்.

சீட்டுக் கணக்கைப் பாருங்கள். இன்னும் பத்து மாதம் பொறுத்தால் 10,000 முழுதாக வரும். இன்றே எடுத்தால் 9,100. பத்து மாத அவசரத்துக்காக ஏறத்தாழ 10 சதவீதத்தை விடுகிறீர்கள். லிவ்ரே ஆ தரும் வட்டி இதற்குக் கிட்டவும் வராது. அதைவிட முக்கியமான ஒன்று: உங்களுக்குக் குறைகிற தொகை இரண்டு மூவாயிரம்தான். அதற்காகப் பத்தாயிரத்துக்கும் கழிவு கொடுக்கிறீர்கள். மீதிப் பணம் கையில் இருந்தால் அதுவும் ஏதாவது ஒன்றுக்குக் கரைந்துவிடும். சீட்டு நடத்துபவர் மேல் சந்தேகம் இருந்தால் மட்டும் கழிவைப் பார்க்காமல் உடனே எடுத்துவிடுங்கள். ஆனால் அது பணத்தைக் காப்பாற்ற எடுக்கும் முடிவு, பயணத்தோடு அதைக் கலக்காதீர்கள்.

அடுத்து விலை. குவாதலூப்பில் மழை குறைந்த காலம் ஏறக்குறைய டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. பிரான்ஸ் குளிரில் நடுங்கும் பிப்ரவரியில் எல்லோருக்கும் அங்கேதான் கண், அதனால் விமானமும் ஹோட்டலும் விலை ஏறிவிடும். ஜூலையிலும் விலை குறையாது. இங்கே வேலை செய்யும் அந்தத் தீவு மக்கள் ஊர் திரும்பும் மாதம் அது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலமும்கூட. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏப்ரல் விடுமுறைதான் சரியான இடைவெளி. பள்ளி விடுமுறைக் கணக்கில் உங்கள் மண்டலம் சி. விடுமுறையின் முதல் சனிக்கிழமையை விட்டு, செவ்வாய் புதனில் புறப்படும் விமானங்களையும் பாருங்கள்.

ஏஜென்சிப் பொதியில் கார் இல்லை. அங்கே கார் இல்லாமல் ஹோட்டல் வாசலைத் தாண்டுவதே கஷ்டம். ஆகவே 6,200 என்பது முழுச் செலவு அல்ல. நான் போட்ட உத்தேசக் கணக்கு இது: நான்கு டிக்கெட் 2,800, ஒன்பது இரவுக்குச் சமையலறையுள்ள ஒரு ஜீத் (வாடகை வீடு) 810, கார் 400, சாப்பாடு 600, படகும் மற்றச் சுற்றலும் 350. மொத்தம் 4,960.

சமையலறை ஏன் என்றால், அங்கே சாப்பாட்டுச் சாமான் விலை பிரான்ஸைவிட 42 சதவீதம் அதிகம் என்று 2022-இல் பிரான்ஸின் புள்ளிவிவர நிறுவனமான இன்சே கணக்கெடுத்தது. அரிசி, பருப்பு, தூள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். மீனை அங்கே வாங்குங்கள். மத்தியானத்துக்கு வழியோரக் கடைகளில் பொரித்த ரொட்டிக்குள் மீனோ கோழியோ வைத்துத் தரும் பொக்கீத் போதும், சில யூரோக்களில் வயிறு நிறையும். கணவரையே பத்து நாளும் சமைக்க விட்டுவிடாதீர்கள்!

வீட்டை மேற்குக் கரையில், தெஹே அல்லது புய்யோந்த் பக்கம் எடுங்கள். இதுவும் பணக் கணக்குத்தான். வசந்த காலத்தில் தொடங்கி அட்லாண்டிக் பக்கத்துக் கரைகளில் சர்காசம் என்ற கடற்பாசி குவிந்து அழுகி நாறும். அந்தப் பக்கம் முன்பணம் கட்டிவிட்டுக் கடலில் இறங்க முடியாமல் போனால் நஷ்டம் உங்களுக்கு. மேற்குக் கரைக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. தெஹேயின் கிராந்த் ஆன்ஸ் கடற்கரை கணவருக்கு. மாலாந்தூரில் நீச்சல் முகமூடி போட்டு மீன் பார்ப்பது பிள்ளைகளுக்கு, முகமூடியை இங்கேயே வாங்கிக்கொண்டு போனால் செலவே இல்லை. 1,467 மீட்டர் உயரமுள்ள லா சூஃப்ரியேர் எரிமலையில் ஏறக் கட்டணம் கிடையாது. விடியற்காலையே புறப்படுங்கள், பிறகு உச்சியை மேகம் மூடிவிடும். பாதை தொடங்கும் பேன் ஜோனில் இளஞ்சூடான தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, இறங்கி வந்ததும் காலை அதில் வைக்கலாம். ஒரு நாள் காப்பெஸ்தேர் பக்கம் போய் ஷாங்கியில் உள்ள கோயிலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1854 முதல் காரைக்காலிலும் பாண்டிச்சேரியிலும் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

சரி, 4,960 எங்கிருந்து வரும்? உங்கள் ஹோட்டலின் ஊழியர் குழுவான கொமித்தேயில், விடுமுறைச் செலவுக்கான செக் வக்கான்ஸ் தருகிறார்களா என்று நாளைக்கே கேளுங்கள். 600 யூரோவுக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பரிலிருந்து மாதம் 350 ஒதுக்குங்கள். அக்டோபர் கடைசியில் டிக்கெட் எடுக்கும்போது செக் வக்கான்ஸ் 600, சேமிப்பு 700, லிவ்ரே ஆவிலிருந்து 1,500. செக் வக்கான்ஸ் வாங்கும் விமான நிறுவனமா என்று முன்கூட்டியே பாருங்கள். மீதி 2,160-இல் மார்ச் வரையான சேமிப்பு 1,750 போக, லிவ்ரே ஆவிலிருந்து இன்னும் 410 எடுத்தால் போதும். அதில் 2,090 மிஞ்சும். அதற்குக் கீழே போகாதீர்கள், வேலைக்கு ஏதாவது ஆனால் அதுதான் கைகொடுக்கும். கோடையில் சீட்டு வந்ததும் எடுத்ததைத் திருப்பிப் போட்டுவிடுங்கள். செக் வக்கான்ஸ் கிடைக்காவிட்டால் மாதம் 435 ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் நாட்களைக் குறையுங்கள். பத்துத் தவணை வேண்டாம். போய் வந்த பிறகும் மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பீர்கள், தாளில் எழுதியிருக்கும் மொத்த வட்டி வீதத்தைப் பார்த்தாலே விளங்கும்.

கார் எடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். கணவரின் வங்கி அட்டையில் டெபி என்று அச்சிட்டிருந்தால் சில நிறுவனங்கள் வைப்புத் தொகைக்கு அதை ஏற்காது. முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். விசா பிரிமியே, கோல்ட் மாஸ்டர்கார்ட் போன்ற அட்டையில் பணம் கட்டினால் பயண ரத்துக் காப்புறுதியும் கார்க் காப்புறுதியும் சேர்ந்தே வருவது வழக்கம். அப்படியானால் ஏஜென்சியின் தனிக் காப்புறுதி தேவையில்லை. குவாதலூப் பிரான்ஸின் ஒரு மாவட்டம், அதனால் உங்கள் மருத்துவக் காப்புறுதி அட்டையான கார்ட் வித்தால் அங்கேயும் செல்லும், பணம் மாற்றும் செலவும் இல்லை.

மாமிக்கு மட்டும் இப்போதே டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். குவாதலூப் பிரான்ஸாக இருந்தாலும், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. அவருடைய ஷெங்கன் விசாவோடு அங்கே போக முடியாது, கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கான விசா தனியாக வேண்டும். அதோடு டிசம்பரில் வருபவருக்கு ஏப்ரலுக்குள் 90 நாள் முடிந்துவிடும். அவர் வருகையை மார்ச்சுக்குத் தள்ள முடிந்தால், கொழும்பில் விண்ணப்பிக்கும்போதே இரண்டு விசாவையும் கேட்கச் சொல்லுங்கள். இரண்டும் கைக்கு வந்த பிறகு ஐந்தாவது டிக்கெட்டை எடுக்கலாம்.