மூன்று பட்ஜெட் விமானங்கள், ஒரு குடும்பம்: எதை எடுப்பது?

கேள்வி: நான், மனைவி, ஏழு வயது மகள், மூட்டுவலி உள்ள 70 வயது அம்மா என நால்வர் வெளிநாடு போகிறோம். சுமார் நான்கு மணி நேரப் பயணம். அந்த வழியில் மூன்று பட்ஜெட் விமான நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்றில் டிக்கெட் மற்ற இரண்டையும்விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அதைப் பற்றி இணையத்தில் வரும் கருத்துகள் மோசமாக இருக்கின்றன. விலை, வசதி, சேவை மூன்றையும் பார்த்தால் எதில் போகலாம்?

பதில்: முதல் பக்கத்தில் தெரியும் விலையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது சின்னப் பை ஒன்றோடு, எந்த இருக்கை கிடைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும் தனி ஆளுக்கான விலை. உங்கள் நால்வரில் அப்படிப் போகக்கூடியவர் யாரும் இல்லை.

மூன்று இணையதளங்களையும் ஒரே நேரத்தில் திறந்து வையுங்கள். நால்வர், உங்களுக்குத் தேவையான லக்கேஜ், பக்கத்துப் பக்கத்து இருக்கைகள் என எல்லாவற்றையும் சேர்த்து, போகவும் வரவும், பணம் கட்டும் பக்கம் வரை போங்கள். அங்கே வரும் மொத்தத் தொகையைக் குறித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஒப்பிட வேண்டியது அந்த மூன்று தொகைகளைத்தான். இருக்கைக் கட்டணம் ஆளுக்குக் கொஞ்சம்தான் என்று தோன்றும். நால்வர், இரண்டு வழி என்றால் அது எட்டு மடங்கு. முதலில் பார்த்த வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடும், சில நேரம் தலைகீழாகவும் மாறும்.

பையை மட்டும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஐரோப்பாவின் பட்ஜெட் நிறுவனங்களான ரயன்ஏரும் விஸ் ஏரும் இலவசமாக விடுவது 40 x 30 x 20 செ.மீ. பை ஒன்றை, அதுவும் முன் சீட்டுக்கு அடியில் வைப்பதற்கு. அங்கேயே இன்னொரு நிறுவனமான ஈஸிஜெட்டில் 45 x 36 x 20 செ.மீ. ஏர் ஏசியாவில் எடைதான் முக்கியம்: கையில் கொண்டுபோகும் இரண்டு பைகளும் சேர்ந்து 7 கிலோ. ஆக, ஓரிடத்தில் இலவசமாகப் போன பைக்கே இன்னோரிடத்தில் பணம் கேட்பார்கள். அதை விமானம் ஏறும் வாசலில் வைத்துக் கேட்டால் முன்பதிவு விலையைவிடப் பல மடங்கு இருக்கும். பல ஆண்டுகளாக இரண்டு லக்கேஜை இலவசமாக ஏற்றிவந்த அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் கூட, 2025 மே மாதக் கடைசியில் பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு அதை நிறுத்திவிட்டது. பழைய அனுபவத்தை நம்பிப் போகாதீர்கள். ஆன்லைன் செக்-இன்னையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். அதைச் செய்யாமல் நேரே போனால் ரயன்ஏரில் ஆளுக்கு 55 யூரோ வரை ஆகும்.

இன்னொன்று, விமானம் எந்த நிலையத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். 'பிராங்க்ஃபர்ட் ஹான்' பெயரில்தான் பிராங்க்ஃபர்ட். நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாரிஸின் பெயரைச் சொல்லி விற்கும் போவே நிலையமும் 80 கிலோமீட்டருக்கு மேல். நள்ளிரவில் அங்கே இறங்கி, குழந்தையோடும் அம்மாவோடும் டாக்ஸி பிடிக்கும் செலவும் டிக்கெட் விலைதான்.

வசதி என்று பார்த்தால், உட்காரும் இடத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஓர் இருக்கைக்கும் அடுத்த வரிசை இருக்கைக்கும் உள்ள இடைவெளியை 'சீட் பிட்ச்' என்பார்கள். பட்ஜெட் விமானங்களில் அது 28 முதல் 30 அங்குலம். பெரிய நிறுவனங்கள் குறுகிய தூரத்துக்கு ஓட்டும் விமானங்களிலும் இப்போது ஓரிரண்டு அங்குலம்தான் கூடுதல். அகலம் வேண்டுமென்றால் விமான வகையைப் பாருங்கள்: ஏர்பஸ் ஏ320 வகை இருக்கைகள் போயிங் 737 இருக்கைகளைவிடச் சுமார் ஓர் அங்குலம் அகலம். சாய்வு பல பட்ஜெட் விமானங்களில் கிடையவே கிடையாது. நான்கு மணி நேரத்துக்கு இதையெல்லாம் சமாளித்துவிடலாம்.

உங்கள் அம்மாவுக்குச் சிரமம் வரப்போவது படிகளில். பட்ஜெட் நிறுவனங்கள் செலவைக் குறைக்க, நிலையத்திலிருந்து நேரே விமானத்துக்குள் நடந்துபோகும் ஏரோபிரிட்ஜை விட்டுவிட்டு, பஸ்ஸில் கொண்டுபோய் ஏணிப்படியில் ஏற்றுவது சாதாரணம். அதனால் டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேளுங்கள். கேட்கும்போது 'படி ஏற முடியாது' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடப்பதில் மட்டும் சிரமம் உள்ளவருக்கும் படி ஏற முடியாதவருக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. முதல் குறியீடு விழுந்தால் வீல்சேர் படிக்கட்டு வரைதான் வரும். இரண்டாவது என்றால்தான் லிஃப்ட் வண்டியோ சாய்தளமோ ஏற்பாடு செய்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த உதவி இலவசம், 48 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். மற்ற இடங்களிலும் அந்தக் கணக்கிலேயே சொல்லிவைப்பது நல்லது.

கால் நீட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு அவசர வழி வரிசையில் இடம் வாங்கிவிடாதீர்கள். உதவி தேவைப்படுபவர்களையும் குழந்தைகளையும் அங்கே உட்காரவிட மாட்டார்கள். முதல் வரிசை சரியாக வரும். ஆனால் அங்கே முன் சீட் இல்லாததால் கைப்பை மேலே போய்விடும். மாத்திரைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேசை கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும் என்பதால் கைப்பிடியையும் தூக்க முடியாது.

இனி சேவை. சாப்பாடும் புன்னகையும் எனக்கு இரண்டாம் பட்சம். விமானம் ரத்தானால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் நான் ஒரு நிறுவனத்தை எடை போடுவேன். இந்த நிறுவனங்கள் ஒரே விமானத்தை அரைமணி இடைவெளியில் திருப்பித் திருப்பி ஓட்டித்தான் விலையைக் குறைக்கின்றன. காலையில் ஒரு மணி நேரம் தாமதமானால் அது அன்று முழுக்க அடுத்தடுத்த பயணங்களுக்குத் தொற்றிக்கொண்டே போகும். அதனால் எந்த நிறுவனமானாலும் நாளின் முதல் விமானத்தை எடுங்கள். அடுத்து, அந்த வழியில் அவர்கள் வாரத்துக்கு எத்தனை முறை பறக்கிறார்கள் என்று பாருங்கள். தினமும் இரண்டு இருந்தால், ஒன்று ரத்தானாலும் அடுத்ததில் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. வாரத்துக்கு மூன்றுதான் என்றால் இரண்டு நாள் காத்திருக்க நேரலாம். மற்ற நிறுவன விமானத்தில் ஏற்றிவிடும் ஒப்பந்தம் பல பட்ஜெட் நிறுவனங்களிடம் இல்லை.

உங்களுக்கான உரிமை எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பினால், 2004-ம் ஆண்டின் 261-ம் எண் விதிப்படி மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேரும்போது தூரத்துக்கேற்ப 250 முதல் 600 யூரோ இழப்பீடு கேட்கலாம். மலிவு டிக்கெட் என்று அது குறையாது. மோசமான வானிலை போன்ற காரணம் என்றால் அந்தப் பணம் கிடையாது. ஆனாலும் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் கொடுத்தாக வேண்டும். மற்ற நாடுகளில் விதி வேறு. கிளம்பும் நாட்டின் விமானத் துறை இணையதளத்தில் பாருங்கள்.

கருத்துகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோபம் வந்தவர்கள்தான் அதிகம் எழுதுவார்கள். சீட் இறுக்கம், தண்ணீருக்குக் காசு என்ற புகார்களைத் தள்ளிவிடுங்கள்; அவை மூன்றுக்கும் பொது. ரத்தானபோது யாரையாவது தொடர்புகொள்ள முடிந்ததா, பணம் திரும்பி வந்ததா என்பதை மட்டும் தேடுங்கள். அதில் பலரும் ஒரே குறையைச் சொன்னால் நம்பலாம்.

மொத்தத் தொகையில் பத்து, பதினைந்து சதவீதம்தான் வித்தியாசம் என்றால், தினமும் பறக்கும், நகரத்துக்குப் பக்கத்தில் இறங்கும் நிறுவனத்துக்கு அந்தப் பணத்தைக் கொடுங்கள். தனியாகப் போகும் இளைஞருக்கு இப்படிச் சொல்ல மாட்டேன். எல்லாம் சேர்த்த பிறகும் மலிவானது மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே இருந்து, காலை விமானமும் இருந்தால், தயங்காமல் அதையே எடுக்கலாம்.

டிக்கெட்டை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே போடுங்கள். விலை ஒப்பிடும் தளங்கள் தேடுவதற்கு நல்லவை. ஆனால் இடைத்தரகர் வழியாக வாங்கினால் நேர மாற்றச் செய்தியும் திரும்பி வரும் பணமும் முதலில் அவரிடம் போகக்கூடும், அம்மாவின் வீல்சேர் கோரிக்கையும் நடுவில் தவறிப்போகலாம்.