பெருக்கினால் −1 வரவில்லை, ஆனாலும் செங்குத்தா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. 'சாய்வுகள் சமமானால் இணை, பெருக்கினால் −1 வந்தால் செங்குத்து' என்று ஒப்பிக்கிறாள். ஆனால் கிடைக்கோட்டின் சாய்வு 0. அதை எதனால் பெருக்கினாலும் 0தானே, அப்புறம் கிராஃபில் இரண்டு அச்சுகளும் செங்குத்தாக இருப்பது எப்படி என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த −1 எங்கிருந்துதான் வருகிறது?

பதில்: விதியை ஒரு கோட்டில் போட்டுப் பார்த்த பிள்ளைக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். அதற்காகவே அவளைப் பாராட்டுங்கள்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். 'செங்குத்தான மலை', 'சுவர் செங்குத்தாக நிற்கிறது' என்று பேசுகிறோம். அங்கே பொருள் நிமிர்ந்து நிற்பது. கணக்கில் அதற்குப் பெயர் நிலைக்குத்து. செங்குத்து என்பது இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள உறவு. அவை 90 பாகையில் சந்தித்தால் போதும், இரண்டுமே சாய்ந்து கிடக்கலாம். சாய்ந்த கோடு ஒன்றுக்குச் செங்குத்து வரையச் சொன்னால், ஸ்கேலை நேராக நிமிர்த்தி வைக்கும் பிள்ளைகள் எல்லா வருடமும் என் வகுப்பில் இருப்பார்கள். பேச்சுத் தமிழ்தான் அவர்களை அப்படி இழுக்கிறது.

இப்போது −1. கிராஃப் தாளில் (1, 1) என்ற புள்ளியில் பென்சிலை வைக்கச் சொல்லுங்கள். வலப்பக்கம் 3 கட்டம், மேலே 2 கட்டம் போனால் (4, 3) வரும். சாய்வு என்பது இந்த நடைதான்: மேலே ஏறியதைப் பக்கவாட்டில் நகர்ந்ததால் வகுக்கிறோம், 2/3.

சரி, இதே நடையை இடப்பக்கமாகக் கால்வட்டம் திருப்புவோம். வலப்பக்கம் போன 3 இனி மேலே போகும். மேலே போன 2 இனி இடப்பக்கம் போகும். (4, 3)இலிருந்து அப்படிப் போனால் (2, 6). இடப்பக்கம் போனதால் நகர்வு −2, ஏற்றம் 3, சாய்வு −3/2. ஏற்றமும் நகர்வும் இடம் மாறியதால் பின்னம் தலைகீழானது. இரண்டில் ஒன்று திசை மாறியதால் கழித்தல் குறி வந்தது. பெருக்கிப் பாருங்கள்: 2/3 × −3/2 = −1. எந்தச் சாய்ந்த கோட்டைத் திருப்பினாலும் இதேதான் நடக்கும். தலைகீழாக்கிவிட்டுக் குறியை மாற்ற மறப்பதுதான் தேர்வில் அதிகம் பார்க்கும் தவறு. இப்படி ஒருமுறை நடந்து பார்த்த பிள்ளை அதை மறப்பது அபூர்வம்.

உங்கள் மகளின் கிடைக்கோட்டுக்கு வருவோம். அதன் நகர்வு 1, ஏற்றம் 0. திருப்பினால் நகர்வு 0, ஏற்றம் 1. கோடு அழகாக 90 பாகை திரும்பிவிட்டது. ஆனால் சாய்வு காண 1ஐ 0ஆல் வகுக்க வேண்டும், அது முடியாது. நிலைக்குத்துக் கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று சொல்வது இதனால்தான். பெருக்குவதற்கு இரண்டாவது எண்ணே இல்லாதபோது −1 வருமா என்று கேட்க இடமில்லை. தேற்றத்தைச் சரியாகச் சொன்னால் 'நிலைக்குத்து அல்லாத இரு கோடுகள்' என்றுதான் தொடங்கும். ஒப்பிக்கும்போது முதலில் உதிர்வது 'நிலைக்குத்து அல்லாத' என்ற இரண்டு சொற்கள்தான்.

எல்லாக் கோடுகளுக்கும் பொருந்தும் சோதனை ஒன்று உண்டு. ஒரு கோட்டின் நகர்வை மற்றதன் நகர்வால் பெருக்குங்கள், ஏற்றத்தை மற்றதன் ஏற்றத்தால் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டுங்கள். 0 வந்தால் செங்குத்து. நம் கோடுகளுக்கு 3 × (−2) + 2 × 3 = 0. அச்சுகளுக்கு 1 × 0 + 0 × 1 = 0. மேல்நிலை வகுப்பில் வெக்டர் பாடத்தில் இதே கணக்கு புள்ளிப் பெருக்கம் என்ற பெயரில் வரும். இப்போதைக்குத் தேர்வில் சாய்வு முறையிலேயே எழுதட்டும், விடையைச் சரிபார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளட்டும்.

இணை கோடுகள் இதைவிட எளிது: அதே நடை, வேறு இடத்தில். (2, 6)இலிருந்து இடப்பக்கம் 3, கீழே 2 போனால் (−1, 4). சாய்வு −2/−3, அதாவது 2/3தான். ஒரே ஒரு எச்சரிக்கை. (1, 1), (4, 3), (7, 5) மூன்றையும் எடுத்தால், முதல் இரண்டுக்கும் அடுத்த இரண்டுக்கும் சாய்வு 2/3தான். ஆனால் அவை இணை கோடுகள் இல்லை. மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இருக்கின்றன. சாய்வு சமமென்று பார்த்ததும், பொதுப் புள்ளி ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சமன்பாடாகக் கொடுத்தால் வேலை இன்னும் குறைவு. முதல் கோடு 2எக்ஸ் − 3ஒய் + 1 = 0. இணை கோட்டுக்குக் கெழுக்களை (எக்ஸ், ஒய் முன்னால் உள்ள எண்களை) அப்படியே வைத்து மாறிலியை (தனியாக நிற்கும் எண்ணை) மட்டும் மாற்றுங்கள்: (−1, 4) வழியாக 2எக்ஸ் − 3ஒய் + 14 = 0. செங்குத்துக்குக் கெழுக்களை இடம் மாற்றி, ஒன்றின் குறியை மாற்றுங்கள்: (4, 3) வழியாக 3எக்ஸ் + 2ஒய் − 18 = 0. மேலே பார்த்த அதே திருப்பம்தான் இங்கேயும்.

நாம் குறித்த (1, 1), (4, 3), (2, 6), (−1, 4) நான்கையும் சேர்த்தால் சாய்ந்து நிற்கும் ஒரு சதுரம் கிடைக்கும். அதை இரண்டு தாளில் வரையச் சொல்லுங்கள். முதல் தாளில் இரண்டு அச்சுக்கும் 1 செ.மீ. = 1 அலகு. இரண்டாவதில் நிலைக்குத்து அச்சுக்கு மட்டும் 1 செ.மீ. = 2 அலகு. இரண்டாவது படத்தில் எதிர்ப்பக்கங்கள் இணையாகவே இருக்கும், ஆனால் மூலைகள் 90 பாகையாகத் தெரியாது. அங்கே பாகைமானியை வைத்துச் 'செங்குத்து இல்லை' என்று முடிவெடுத்தால் தவறாகிவிடும். அதனால் செங்குத்தைப் படத்தில் சரிபார்க்கும்போது மட்டும் இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டம் எடுக்கச் சொல்லுங்கள்.