துள்ளுகிற பிள்ளைக்கு வீட்டுப் பாடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. வீட்டில்தான் பாடம் சொல்லித் தருகிறோம். பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டாள். நாற்காலி மேல் ஏறி நின்றுதான் வாசிப்பாள், ஓயாமல் கேள்வி கேட்பாள். அவளுடைய அந்தத் துடிப்பைப் பார்ப்பதே எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் மாமியார், “இப்பவே அடக்கி வைக்கலன்னா பிறகு கைக்குள்ள நிக்க மாட்டா” என்கிறார். தமிழ் எழுத்து மட்டும் மனத்தில் பதிய மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
(ஒரு தாய், ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: அடக்க வேண்டாம் அம்மா. அந்தக் கால்களையே பாடத்துக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். கூடத்துத் தரையில் மாஸ்கிங் டேப்பால் ஐந்து கட்டங்கள் ஒட்டுங்கள், ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் சதுரம். பழைய நாள்காட்டி அட்டையின் பின்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ட, ப, ம, ட், ம் என்று எழுதிக் கட்டத்துக்கு ஒன்றாக ஒட்டுங்கள். இந்த ஐந்தே போதும்: படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் கிடைத்துவிடும். நீங்கள் “பட்டம்” என்றால் அவள் ப, ட், ட, ம் என்று நான்கு தாவல் தாவ வேண்டும். நான்கும் தடுமாற்றமில்லாமல் வந்த பிறகு ய, க, வ சேருங்கள்.

இதில் வழக்கமாகக் கெடுவது ஒன்று உண்டு. கால் முந்திக்கொள்ளும், வாய் பின்தங்கும். அப்போது அது வெறும் குதியாட்டம்தான், எழுத்து பதியாது. அதனால் ஒரே விதி: கால் தரையைத் தொடுமுன் ஒலி வாயைவிட்டு வந்திருக்க வேண்டும். தவறினால் திட்ட வேண்டாம், அதே சொல்லை மறுபடி தாவச் சொல்லுங்கள். காலுறையோடு விட்டால் டைல்ஸ் வழுக்கும், வெறுங்கால்தான் சரி. டேப்பை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் பசை தரையில் தங்கிவிடும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

குறில் நெடிலுக்கும் இதே வழிதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ‘க’வுக்கு ஒரு கட்டம், ‘கா’வுக்கு ஒன்றைத் தாண்டி இரண்டாவது கட்டம். உடம்பு அறிந்துகொண்ட அளவைக் காது தானே பிடித்துக்கொள்ளும்.

பெரும்பாலான பிள்ளைகள் திணறுமிடம் கொம்பு. கெ, கே, கை எல்லாவற்றிலும் குறி எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக வாசிக்கும் பிள்ளை முதலில் குறியைப் பார்த்துவிட்டு, என்ன ஒலிப்பது என்று தெரியாமல் நின்றுவிடும். ஆகவே கா, கி, கு வரிசைகள் சரளமான பிறகே கொம்புக்கு வாருங்கள். குறியையும் எழுத்தையும் தனித்தனி அட்டையில் பிரிக்கவே கூடாது. ‘கெ’ முழுதாக ஒரே அட்டையில், ஒரே கட்டத்தில் இருக்கட்டும். ‘கொ’வைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அது எழுத்தின் இரு பக்கமும் குறி நிற்பது.

எழுதும் வேலைக்குப் பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் வேண்டாம். தாளைச் சுவரில் அவள் கண் உயரத்துக்கு ஒட்டிவிட்டால் நின்றபடியே எழுதுவாள். பாராட்டும்போது “கெட்டிக்காரி” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “ட்-டையும் ட-வையும் கலக்காம தாவின பாரு” என்று செய்ததைச் சுட்டிச் சொல்லுங்கள். சொல் கூப்பிடுகிற பொறுப்பை மாமியாரிடமே கொடுங்கள். பேத்தி தாவுவதை எதிரே உட்கார்ந்து பார்த்தால், அவள் எவ்வளவு கவனமாக இருக்கிறாள் என்பது அவருக்கே தெரியும்.

ஒன்று மட்டும்: எழுத்து பதியாததற்குக் கண்ணோ காதோ காரணமாக இருக்கலாம், இரண்டையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். துறுதுறுப்பை மட்டும் வைத்து யாரும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்து, வீடு, வெளியிடம் என்று இரண்டு சூழல்களிலாவது தெரிந்து, அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால்தான் மருத்துவர் அதைப் பற்றி யோசிப்பார்.

கேள்வி: வரும் ஆண்டு மகன் ஒன்றாம் ஆண்டுக்குப் போக வேண்டும். வீட்டிலேயே படிக்க வைக்கச் சட்டம் இடம் தருகிறதா?
(ஒரு தந்தை, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: விலக்கு வாங்கினால் இடம் உண்டு. 1996 கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். பள்ளி ஆண்டின் சனவரி முதல் தேதியில் ஆறு வயது நிறைந்த பிள்ளையை மலேசியக் குடிமக்களான பெற்றோர் ஆரம்பப்பள்ளியில் சேர்த்தாக வேண்டும். மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விலக்களிக்கும் அதிகாரம் கல்வி அமைச்சருக்கு. முறையைக் கல்வி இலாகாவில் நேரில் போய்க் கேளுங்கள். யார் கற்பிக்கிறார், எந்தப் பாடத்திட்டம், வார அட்டவணை, பிள்ளை செய்த வேலைகளின் மாதிரிகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் தேதியிட்டு வைத்திருங்கள். விலக்குக் கடிதம் கைக்கு வரும்முன் ஒன்றாம் ஆண்டுப் பதிவை விட்டுவிடாதீர்கள்.

பிற்காலத்தில் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மைத் தனியார் தேர்வராக எழுதலாம். சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியும் வரலாறும் தேறியிருக்க வேண்டும். அதனால் மலாய் வாசிப்பைச் சிறு வயதிலேயே விடாமல் பிடியுங்கள். வீட்டில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் புழங்கும் குடும்பங்களில் இடிப்பது இந்த ஒரு பாடம்தான்.

கேள்வி: என் பிள்ளைகள் இருவரும் வெளியே போனால்தான் உற்சாகமாகிறார்கள். கணக்கையும் அறிவியலையும் வெளியிலேயே சொல்லித்தர முடியுமா?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: தாராளமாக. ஃபெரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வந்தால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. எண்ணிக்கொண்டே ஏறினால் பாதியில் தவறிவிடும். காரணம், மூச்சு வாங்கும்போது எண் நழுவும், யாராவது பேசினால் அறவே மறந்துபோகும். ஒரு சட்டைப்பையில் 60 மொச்சைக் கொட்டை போட்டுக்கொடுங்கள். பத்துப் படிக்கு ஒன்று மற்ற பைக்கு மாற வேண்டும். மேலே போனதும் 51 கொட்டை மாறியிருக்கும், மூன்று படி மிச்சம். பத்தும் ஒன்றும் என்ன என்று கையிலேயே இருக்கும். மூத்தவருக்கு 513-ஐ வகுக்கக் கொடுங்கள்: 27 பத்தொன்பதுகள். கோலாலம்பூர் போகும்போது பத்துமலையின் 272 படிக்கும் இதையே செய்யலாம், அது 16 பதினேழுகள். வெயிலுக்கு முன், காலை எட்டுக்குள் ஏறிவிடுங்கள்.

பக்கத்திலேயே 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. அங்கே நாகலிங்க மரத்தை விட்டுவிடாதீர்கள். பூ கிளை நுனியில் பூக்காமல் அடிமரத்திலேயே பூக்கும். விழுந்த பூவை உள்ளங்கையில் வைத்துப் பிரித்துப் பார்க்கட்டும்: வளைந்து குடைபிடிக்கும் மகரந்தத் தாள் கூட்டம், கீழே சூலகம். ஆனால் காய்த்த மரத்தடியில் நிற்க விடாதீர்கள். காய் பீரங்கிக் குண்டளவு, கனமும் அதிகம். குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் சாப்பாடு என்று பாய்ந்து பிடுங்கும். தின்பண்டம் முதுகுப்பைக்குள் மூடியே இருக்கட்டும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள இலைக்குரங்கின் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். அதைக் கண்டுபிடிக்கச் சொன்னால் எவ்வளவு துள்ளுகிற பிள்ளையும் அசையாமல் நிற்கும்.

கேள்வி: கடைக்கணக்கில் மகன் தடுமாறுகிறான். எளிய பயிற்சி ஏதாவது?
(வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: பேரங்காடி ரசீதைக் கொடுங்கள். 2008 முதல் ரொக்கம் கொடுத்தால் மொத்தத் தொகை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. கடைசி எண் 1 அல்லது 2 என்றால் 0; 3 அல்லது 4 என்றால் 5; 6 அல்லது 7 என்றால் 5; 8 அல்லது 9 என்றால் அடுத்த பத்து. 12.43 ரிங்கிட் 12.45 ஆகும், 12.47-ம் 12.45 ஆகும். பிள்ளைகள் ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியே முழுமையாக்கிவிட்டுக் கூட்டுவார்கள், அங்கேதான் விடை பிசகும். முதலில் கூட்டல், பிறகு மொத்தத்தை மட்டும் முழுமையாக்கல். கடைக்காரர் ரசீது தருமுன் அவனே தொகையைச் சொல்லட்டும், காசை எண்ணிக் கொடுப்பதும் அவன் கையாலேயே இருக்கட்டும்.